ஒற்று மிகும் இடம்

பகலில் என் வேலை
செம்பனை லாரிகளுக்கு எடை போடுவது.
சீட்டுக்குச் சீட்டு 'லுலுஸ்' என்று குத்திக் குத்தி
வலது தோளுக்குத் தனிப்புத்தி வந்துவிட்டது.
எந்தக் காகிதத்தைக் கண்டாலும்
சரி, போகலாம் என்று குத்தத் துடிக்கும்.

இரவில் அதற்குத் தீனி.
அழிப்பானை இரண்டாய் அறுத்து
ஒன்றில் மாங்காய், ஒன்றில் விளக்கு.
தேய்ந்த ஜப்பான் சிலிப்பரின் குதிகாலில் ஒரு மயில்.
வான்கோழி என்றான் மகன்.
அந்த ஆண்டு நாலு பேருக்கு வான்கோழிதான் போனது.

தாள் வாங்க பகாவ் டவுனுக்குப் போவேன்,
சனிக்கிழமை, பசார் மாலாம் விரிக்கும் முன்.
திருமதி சூவின் கடையில்
பாத்தேக் பூப்போட்டது எண்பது காசு,
மினுக்குத் தாள் ஒரு வெள்ளி.
மேல்தட்டில் ஒரு கட்டு,
தாளுக்குத் தாள் நடுவில் தங்கச் சதுரம்,
கட்டே இரண்டு வெள்ளி. அள்ளினேன்.
கல்லாவிலிருந்து எழுந்துவந்து மணிக்கட்டைப் பிடித்தார்:
"தங்கச்சி, அது செத்தவங்களுக்கு எரிக்கிறது.
கல்யாண வீட்டுக்கு அனுப்பினா
உன்னை அடிக்க வருவாங்க."
சிரித்தோம்.
கட்டு எப்படியோ என் பைக்குள் வந்திருந்தது.

தீபாவளிக்கு நாற்பது அட்டை கேட்டார்
தமிழ்ப்பள்ளி ஆசிரியை தவமலர்.
வாழ்த்து தமிழில் இருக்கவேண்டும்.
ஒன்பது இரவு.
முத்திரையில் எழுத்து முதுகு காட்டி நிற்கவேண்டும்.
அலமாரிக் கண்ணாடி முன் பிடித்துப் பிடித்து
ழகரத்தின் வாலை இடம் மாற்றி,
துகரத்தின் சுழியை எதிர்த்திசைக்கு இழுத்து,
கொம்பில்லாத சொல், அதுவரை பிழைத்தேன்.

மாதிரிக்கு ஒன்று குத்திக் கொடுத்தேன்.
அவர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார்.
"வாழ்த்துகள். நடுவில் இக்கன்னா வராது.
போட்டீங்கன்னா அது கள்.
குடிக்கிற கள்."

எல்லாவற்றையும் திருப்பிப் போடத் தெரிந்தவள்
நேராய் எழுதத் தெரியாமல் நின்றேன்.

பிளேடால் அந்த எழுத்தை மட்டும் தோண்டி எடுத்தேன்.
சொல்லுக்கு நடுவே பல் விழுந்த சந்து.
பஞ்சுக்குச்சி நுனியால் சிவப்புப் புள்ளி ஒன்று,
சுற்றி ஐந்து. பூ.
நாற்பது அட்டையிலும் அதே இடத்தில் அதே பூ.
"இது புதுசா இருக்கே" என்றார் ஆசிரியை.
டிசைன் என்றேன்.

மாதிரி அட்டை மேசையில் கிடந்தது,
இக்கன்னா புள்ளியைத் தொப்பியாய்ச் சாய்த்துக்கொண்டு.
பார்க்க அப்பா மாதிரியே இருந்தது.

அப்பாவுக்கு நான் வாழ்த்து அனுப்பியதில்லை.
அனுப்பும்படி அவர் நடந்துகொண்டதுமில்லை.
தோட்டத்துக் கள்ளுக்கடை மூடியபின் பொட்டலச் சம்சு,
சம்சுவுக்குப் பின் சிரம்பான் ஆஸ்பத்திரி.
அறுவைக்குச் சம்மதப் பாரம் நீட்டினார்கள்.
என் கையெழுத்து, அதன் கீழே அவர் கட்டைவிரல்.
நர்ஸ் மை தடவி அழுத்திவிட்டு எடுத்தபோது
"நல்லா விழுந்திருக்கா பாரு" என்றார்.
பார்த்தேன்.
வரிவரியாய், அலையலையாய் விழுந்திருந்தது,
குறுக்கே பால்கத்தி வெட்டிய பழைய தழும்பு
வெள்ளைக் கோடாய்.
அவ்வளவு சுத்தமான பதிவு
என் முத்திரை எதற்கும் இன்றுவரை வந்ததில்லை.
அதை அவரிடம் சொல்லவில்லை.

தங்கச் சதுரத் தாளில் ஒன்றை உருவி
மாதிரி அட்டைக்குள் ஒட்டினேன்.
உறைமேல் என்ன எழுத?
எரிக்கலாம் என்றால் அது நம் வழக்கமில்லை.
அடுப்பு வரை போய்
தோசையைத் திருப்பிப்போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கைப்பையில் இருக்கிறது.
லாரி வராத நேரம் எடுத்துப் பார்ப்பேன்.
மழைமாதத்து ஈரத்தில் மை கசிந்து
சொல்லின் பின்பாதி மட்டும் கொஞ்சம் ஊறியிருக்கிறது.
வலது தோள் துடிக்கிறது.
'லுலுஸ்' கைக்கெட்டும் தூரத்தில்தான்.
மைப்பெட்டியை மூடுகிறேன்.

ஹாரன்.
பதினாறு டன், பச்சைக் குலை,
டிரைவர் சீட்டை நீட்டுகிறான்.